எரித்தால் வெள்ளி தரும் பட்டும் எரித்தால் நஞ்சு தரும் நெகிழியும்

மொழியையும் இனத்தையும் பேச வேண்டிய இதழில் குப்பையைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வினவக்கூடும். வினவட்டும். ஒரு மக்களினம் எதை ஆக்குகிறது, எதை உடுத்துகிறது, எதைக் கழித்து எறிகிறது, கழித்ததை யார் வாயிலில் கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பவையெல்லாம் அதன் வாழ்வுரிமையோடு பிணைந்த செய்திகளே. மண்ணும் நீரும் கெட்டுப்போன பின் எஞ்சியிருக்கும் மொழியை எங்கே நின்று பேசுவது? நெகிழிக் குப்பையிலிருந்து எரிநெய் வடிக்கலாம், கடற்பாசியிலிருந்து எரிசாராயம் எடுக்கலாம் என்னும் பேச்சு இன்று நாற்புறமும் எழுகின்றது. அப்பேச்சை நம் ஊரின் கண்கொண்டும் நம் உழைப்பாளிகளின் கண்கொண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். அவ்வாறு அளப்பதற்குக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தினும் பொருத்தமான இடம் வேறில்லை. ஏன் என்பதை முதலில் சொல்லுவோம்.

சாம்பலிலும் செல்வம்

பிள்ளையார்பாளையம் தறியோசை கேட்டு வளர்ந்த ஊர். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் மணற்கல்லால் எழுப்பிய கயிலாயநாதர் கோயிலை அடுத்து அமைந்த ஊர். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதும், வீட்டுக் குழித்தறியில் குடும்பமே மாறி மாறி அமர்ந்து உழைப்பதும், உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்க மூன்று நாடாக்களை ஓட்டிக் கோர்வை பிடிப்பதும் அவ்வட்டார மக்கள் வழிவழியாகக் காத்துவரும் அறிவு. காஞ்சிப் பட்டு என்னும் அவ்வறிவின் விளைவுக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு என்னும் சட்டக் காப்பும் கிடைத்தது.

அந்தப் பட்டில் ஓர் அருமை உண்டு. உண்மையான சரிகை என்பது வெள்ளியிழையைத் தட்டையாக்கிப் பட்டிழையின்மேல் சுற்றி அதன்மேல் பொன்முலாம் பூசியது. இத்தகைய சரிகையிட்ட சேலை இரண்டு தலைமுறை உழைத்துக் கிழிந்த பின்னும் குப்பையாவதில்லை. பழைய பட்டுச்சேலை வாங்குவோர் வீடு தேடி வந்து விலை பேசி எடுத்துச் செல்கின்றனர். சரிகையை எரித்தால் பட்டிழை சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும், உருக்கினால் அது மீண்டும் வெள்ளிக் கட்டியாகும். புழுவும் முசுக்கொட்டை இலையும் தந்த பட்டு மண்ணுக்குத் திரும்புகிறது. மண்ணிலிருந்து எடுத்த வெள்ளி மாந்தன் கைக்குத் திரும்புகிறது. கழிபொருளை மீண்டும் பொருளாக்குவதைப் பற்றி இன்று மேலைநாட்டார் மாநாடு கூட்டிப் பேசுகின்றனர். நம் நெசவுத் தெருக்களோ அதை எந்த மாநாடும் இன்றி நடத்தி வந்துள்ளன.

ஆனால் இன்று சேலைக்குள்ளேயே நெகிழி புகுந்துவிட்டது. மெல்லிய பாலியெசுட்டர்ப் படலத்தின்மேல் அலுமினியப் பூச்சு ஏற்றி, நிறம் கொடுத்து, இழையாகக் கீறிச் சரிகை என்று விற்கின்றனர். கண்ணுக்கு அதுவும் மின்னுகிறது. ஆனால் அதை எரித்தால் கிடைப்பது வெள்ளியன்று. கரிப்புகையும் ஒட்டிக்கொள்ளும் பிசினுமே. அந்தச் சேலையைப் பழஞ்சேலை வாங்குவோரும் தொடமாட்டார். அது போய்ச் சேரும் இடம் குப்பைமேடுதான். இதில் நெசவாளியைக் குறைசொல்லிப் பயனில்லை. வெள்ளியின் விலை ஏறிக்கொண்டே போகக் கூலி மட்டும் ஏறாது நிற்கும்போது, மலிவான இழையைத் தறியில் ஏற்றுபவன் வயிற்றுக்காக ஏற்றுகிறான். அதை உண்மைச் சரிகை என்று சொல்லி விற்பவனே குற்றவாளி.

இந்த இரண்டு சரிகைகளும் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகின்றன. எந்தப் பொருளையும் மூன்று வினாக்களால் அளக்கலாம். அஃது எதிலிருந்து வந்தது? முடிவில் அஃது என்ன ஆகும்? இடையில் அதனால் யாருக்கு ஊதியம்? நெகிழி எண்ணெயையும் கடற்பாசி எரிபொருளையும் இந்த மூன்று வினாக்களையே கேட்டு நிறுப்போம்.

காஞ்சியின் குப்பை கடலுக்குப் போகும் வழி

பாலித்தீன் என்னும் நெகிழி இங்கிலாந்தில் ஒரு வேதித் தொழிற்கூடத்தில் 1933இல் தற்செயலாகத் தோன்றியது. 1950ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஆக்கப்பட்ட நெகிழி ஏறத்தாழ 20 இலக்கம் தொன். 1950 முதல் 2015 வரை ஆக்கப்பட்டதன் கூட்டுத்தொகையோ 830 கோடி தொன் என்று அறிவியலாளர்கள் கணித்துள்ளனர். அவ்வாண்டுகளில் குப்பையாகக் கழிந்த நெகிழியில் மீண்டும் பொருளாக்கப்பட்டது 9 விழுக்காடு. எரிக்கப்பட்டது 12 விழுக்காடு. எஞ்சிய 79 விழுக்காடும் குப்பைமேடுகளிலும் நிலத்திலும் நீரிலும் கிடக்கின்றது.

அதில் நம் பங்கு எவ்வழியே போகிறது என்பதைக் காஞ்சியில் கண்ணால் காணலாம். ஊரின் நடுவே ஓடும் மஞ்சள்நீர்க் கால்வாய் ஒருகாலத்தில் மழைநீர் வடிவதற்கு உதவியது. இன்று அது கழிவுநீரையும் நெகிழிப் பைகளையும் சுமந்துகொண்டு நத்தப்பேட்டை ஏரியை நோக்கிச் செல்கிறது. ஊரை ஒட்டிய வேகவதியாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு கல்பாக்கத்திற்குத் தெற்கே கடலில் கலக்கிறது. ஆக, பிள்ளையார்பாளையத்துத் தெருவில் இன்று எறியும் பை ஒரு பெருமழை பெய்தால் கடலை அடையும். காஞ்சிக்குக் கடற்கரை இல்லை. ஆனால் கடலோடு உறவு இருக்கிறது. பல்லவர் காலத்தில் அவ்வுறவு மாமல்லபுரத்துத் துறைமுகத்தின் வழியே வணிகமாக இருந்தது. இன்று பாலாற்றின் வழியே குப்பையாக இருக்கிறது.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. 2021 திசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தையும் தொடங்கியது. 2022 சூலை முதல் நாளிலிருந்து நடுவண் அரசும் ஒருமுறை நெகிழிகள் பலவற்றுக்குத் தடை விதித்தது. ஆணைகள் நல்லவை. ஆனால் ஆணையைக் கடைத்தெருவுக்குக் கொண்டு சேர்க்கும் கைகள் தளர்ந்திருக்கின்றன என்பதை எந்தக் கால்வாயின் கரையில் நின்றாலும் அறியலாம்.

நெகிழி எண்ணெய்: உண்மை எவ்வளவு?

இனி, நெகிழியை எரிநெய்யாக்கும் செய்திக்கு வருவோம். இஃது ஏமாற்று வித்தையன்று, உண்மையான அறிவியல். காற்றுப் புகாத கலத்தில் நெகிழியை இட்டு 400, 500 பாகை வரை சூடேற்றினால் அது தீப்பற்றாமல் ஆவியாகிறது. நீண்ட சங்கிலியாகப் பிணைந்திருந்த அதன் மூலக்கூறுகள் சிறு துண்டுகளாக அறுகின்றன. அவ்வாவியைக் குளிர்வித்தால் எண்ணெய் வடிகிறது. தெகராதூனிலுள்ள இந்தியக் கல்நெய் ஆய்வுக் கழகம் 2019 ஆகத்துத் திங்களில் இத்தகைய ஆலை ஒன்றைத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஒரு தொன் நெகிழியிலிருந்து 800 இலிட்டர் தீசல் எண்ணெய் எடுக்கும் வகையில் அஃது அமைக்கப்பட்டது.

நல்லது. ஆனால் நம் முதல் வினாவைக் கேளுங்கள். அந்த நெகிழி எதிலிருந்து வந்தது? நிலத்தடியிலிருந்து எடுத்த கல்நெய்யிலிருந்தும் எரிவளியிலிருந்தும் வந்தது. அதை மீண்டும் எண்ணெயாக்கி எரித்தால், கல்நெய்யை நேரே எரிப்பதற்கும் இதற்கும் இடையே இருப்பது ஒரு பையின் வாழ்நாள் மட்டுமே. நிலத்தடியில் கிடந்த கரி வானுக்கே போகிறது. இதைப் ‘புதுப்பிக்கத்தக்க எரிபொருள்’ என்று விளம்பரம் செய்வது பாலியெசுட்டர் இழையைச் சரிகை என்று விற்பதற்கு ஒப்பாகும். குப்பையைக் குறைக்கும் மருந்து என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்வோம். வற்றாத ஊற்று என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. எல்லா நெகிழியும் இவ்வாலைக்கு ஆகாது. பாற்பை, கடைப்பை, மூடி, வாளி போன்ற பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் வகைகள் நன்றாக எண்ணெயாகும். தண்ணீர்ப்புட்டி செய்யும் நெகிழி சரிவர எண்ணெயாவதில்லை. குழாய்களை அடைக்கும் படிவைத் தரும். குழாயும் மேசைவிரிப்பும் செய்யும் பி.வி.சி. வகையோ காரமான அமில வளியை உமிழ்ந்து கலத்தையே அரித்துவிடும். வெளியில் எரித்தால் கொடிய நச்சுப்பொருள்கள் தோன்றும். எனவே வகை பிரிக்காத குப்பையிலிருந்து எந்த ஆலையும் ஒழுங்காக எண்ணெய் வடிக்க முடியாது. வகை பிரிப்பவர் யார்? நாற்றத்தில் நின்று கையுறையும் இன்றிப் பிரிக்கின்ற தூய்மைப் பணியாளரும் குப்பை பொறுக்கும் ஏழைகளுமே. ஆலைக்கு முதல் போட்டவனின் ஊதியத்தைக் கணக்கிடும் தாள்களில் அவர்களின் கூலிக்கு ஒரு வரியேனும் இருக்கிறதா? மூன்றாவது வினா அங்கே நிற்கிறது.

மதுரை காட்டிய வழி

பழைய குப்பைக்கு இதனினும் எளிய வழியை ஒரு தமிழர் காட்டியுள்ளார். மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியற் பேராசிரியர் இரா. வாசுதேவன், நெகிழியைச் சாலைக்குள் அடக்கும் முறையைக் கண்டார். கருங்கல் சல்லியை ஏறத்தாழ 170 பாகை சூடாக்கி, சிறு துணுக்குகளாக நறுக்கிய நெகிழியை அதன்மேல் தூவினால், அஃது உருகிக் கல்லின்மேல் மெல்லிய தோல்போல் படர்ந்துவிடுகிறது. அதன்மேல் நிலக்கீலை, அதாவது தாரை, ஊற்றிக் கலந்தால் கல்லும் கீலும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. மழைநீர் இடையே புகுவது குறைகிறது. அந்தச் சூட்டில் நெகிழி உருகுமேயன்றி எரிவதில்லை. 2002இல் கல்லூரி வளாகத்திலும், சென்னையில் சம்புலிங்கம் தெருவிலும் இவ்வாறு சாலையிட்டுக் காட்டினர். 2006இல் காப்புரிமை கிடைத்தது. 2018இல் நடுவண் அரசு அவருக்குத் தாமரைத்திரு விருது வழங்கியது. ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்குப் 10 தொன் நிலக்கீல் வேண்டுமாயின், அதில் ஒரு தொன்னுக்கு மாற்றாக ஒரு தொன் நெகிழி போதும் என்பது இம்முறையின் கணக்கு.

இம்முறைக்குப் பேராலை வேண்டா. வெளிநாட்டுப் பொறி வேண்டா. நறுக்கும் பொறி ஒன்றும் கூலிக்கு உரிய சில கைகளும் போதும். சாலை தேயத் தேய நுண்ணிய நெகிழித் துகள் மண்ணில் சேராதா என்னும் ஐயத்தை ஒதுக்கிவிடக் கூடாது. அதைத் தொடர்ந்து அளந்து பார்த்தல் வேண்டும். ஆயினும் கால்வாயில் மிதப்பதைவிடக் கல்லோடு ஒட்டிக் கிடப்பது மேல் என்பதில் ஐயமில்லை. கிடக்கும் குப்பைக்கு இது தீர்வு. ஆனால் புதிய குப்பை பிறப்பதற்கு இஃது இசைவுச்சீட்டு ஆகாது. ‘சாலைக்குத்தான் போகிறதே, இன்னும் கொஞ்சம் நெகிழி ஆக்குவோம்’ என்பவனின் பேச்சை நம்பினால், ஊரின் கால்வாய்கள் ஒருநாளும் தெளியா.

கடல் வளர்க்கும் பொருள்

அப்படியாயின் நெகிழிக்கு மாற்றாக, முடிவில் மண்ணுக்குத் திரும்பும் பொருள் எது? அதற்குப் பல விடைகள் உண்டு. துணிப்பையும் தாளும் வாழையிலையும் பனையோலையும் நாம் அறிந்த விடைகள். நாம் போதிய அளவு அறியாத விடை நம் கடலிலேயே வளர்கிறது. அதுவே கடற்பாசி.

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரையிலான மன்னார் வளைகுடாவும், வடக்கே பாக்கு நீரிணைப்பும் பாசிவளம் மிக்க கடல்கள். கரையோர மக்கள் அவற்றுக்கு இட்டுள்ள பெயர்களைப் பாருங்கள்: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை, பக்கோடாப் பாசி. உருவத்தையும் பயனையும் ஒரு சொல்லில் அடக்கிய பெயர்கள் அவை. மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் என்னும் இறுகுகூழ் கிடைக்கிறது; மருத்துவ ஆய்வுக்கூடங்கள் நுண்ணுயிர் வளர்க்க அதையே நம்பியிருக்கின்றன. கட்டைக்கோரையிலிருந்தும் பக்கோடாப் பாசியிலிருந்தும் ஆல்சினேட்டு கிடைக்கிறது. துணியில் அச்சிடும் சாயக்குழம்பைக் கெட்டிப்படுத்த உலகெங்கும் பயன்படும் பொருள் அது. சப்பான் நாட்டார் புனோரி என்னும் பாசிப் பசையைப் பட்டுக்குக் கஞ்சியாக இட்டு வந்துள்ளனர். காஞ்சியின் நெசவாளி பாவுக்கு இடும் கஞ்சிக்கும் மண்டபத்துக் கஞ்சிப்பாசிக்கும் இடையே பெயரொற்றுமை மட்டுமன்றித் தொழிலுறவும் ஏற்படலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்?

பாசிக்கு நன்செய் வேண்டா, ஏரிநீர் வேண்டா, உரமும் வேண்டா. மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டிப் பாசித்துண்டுகளைப் பிணைத்துக் கடலில் விட்டால் 45 நாளில் அறுவடை ஆகிறது. பவநகரிலுள்ள நடுவண் உப்பு, கடல்வேதிப்பொருள் ஆய்வகம் மண்டபத்தில் நடத்திவரும் கிளை நிலையம் இத்தொழில்நுட்பத்தை வளர்த்தது. கப்பாபைக்கசு என்னும் பாசியைப் பச்சையாகவே பிழிந்தால் வடியும் சாறு பயிருக்கு ஊட்டமாகிறது. எஞ்சும் சக்கையிலிருந்து கராகீனன் என்னும் கூழ்ப்பொருளை எடுக்கலாம். அச்சக்கையை நீர்த்த அமிலத்தில் வேகவைத்துச் சர்க்கரையாக்கி நொதிக்கச் செய்தால் எரிசாராயமும் எடுக்கலாம் என்று ஆய்வகத்தார் செய்து காட்டியுள்ளனர். மரத்தில் உள்ள கெட்டிப்பொருள் பாசியில் இல்லாமையால் அது விரைவில் சிதையும். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் இதே பாசியிலிருந்து மக்கும் படலம் ஒன்றை ஆக்கியுள்ளதாக 2020இல் அறிவித்தனர். இலண்டனில் 2019இல் நடந்த நெடுந்தொலை ஓட்டத்தில் ஓடியவர்களுக்கு நெகிழிப் புட்டிக்கு மாறாகப் பாசிப்படலப் பைகளில் குடிநீர்மம் கொடுத்தனர். ஆகவே பாசிப் படலம் கனவன்று. கைக்கெட்டும் தொலைவில் உள்ளது.

எரிபொருளா? பொருளா?

எனினும் பாசியைப் பற்றியும் மிகையாகப் பேசுதல் கூடாது. பாசியிலிருந்து எரிபொருள் எடுத்து உந்துகளையெல்லாம் ஓட்டிவிடலாம் என்பாருக்கு ஒரு சிறு கணக்கு: பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். ஒன்பது பங்கு நீரைச் சுமந்து, உலர்த்தி, வேகவைத்து, நொதிக்கச் செய்து, வடிப்பதற்குச் செலவாகும் ஆற்றல் எவ்வளவு என்பதைக் கழித்துப் பார்த்தே எஞ்சுவதைச் சொல்ல வேண்டும்.

உலக வரலாறும் இதையே காட்டுகிறது. முதல் உலகப் போரின்போது 1916இல் அமெரிக்கக் கலிபோர்னியாவில் பேருருப் பாசிகளைக் கப்பல் கப்பலாக அறுத்து நொதிக்க வைத்து, வெடிமருந்துக்கு வேண்டிய அசிட்டோனை எடுத்தனர். போர் முடிந்ததும் அத்தொழிலும் முடிந்தது. வேறு வழியில் மலிவாகக் கிடைத்ததே கரணியம். 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது அதே கடலில் பாசிப்பண்ணை அமைத்து எரிவளி எடுக்க முயன்றனர். அலையும் புயலும் அம்முயற்சியைச் சிதைத்தன. எனவே பாசியை முதலில் எரிபொருளாக நினைப்பது, பட்டுச்சேலையை அடுப்பெரிக்க வாங்குவது போன்றது.

முறை என்னவெனில், முதலில் சாறு பயிருக்கு. அடுத்துக் கூழ்ப்பொருள் மருந்துக்கும் உணவுக்கும் நெசவுக்கும். அதன்பின் படலம் பொதிவதற்கு. இவையெல்லாம் போக எஞ்சும் சக்கையே எரிவளிக்கோ எரிசாராயத்திற்கோ. சரிகைச் சேலையை எப்படி நூல்நூலாகப் பயன்கொண்டு இறுதியில்தான் நெருப்பில் இடுகிறோமோ, அப்படியே பாசியையும் பயன்கொள்ள வேண்டும். இவ்வழியில் கிடைக்கும் எரிபொருள் சிறிதாயினும் உண்மையிலேயே புதுப்பிக்கத்தக்கது. ஏனெனில் அதன் கரி 45 நாளுக்கு முன் கடல்நீரில் இருந்தது. கல்நெய்யைப் போல் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்ததன்று.

ஊதியம் யார் கைக்கு?

இப்பொழுது மூன்றாம் வினா. மன்னார்க் கடலில் பாசி எடுப்போர் பெண்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைக் கொய்கின்றனர். 1986இல் அங்குள்ள தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தலைமுறை தலைமுறையாகச் சென்ற இடத்துக்கே அவர்கள் அஞ்சி அஞ்சிச் செல்ல வேண்டியதாயிற்று. அப்பெண்கள் கடலைக் கொள்ளையடிப்பவரல்லர். திங்களுக்கு 12 நாள் மட்டுமே கொய்வது என்று தாமே வரம்பு கட்டிக்கொண்டவர்கள். அவர்களைத் திரட்டி உரிமைக்கும் காப்புக்கும் ஒருசேரக் குரல் கொடுத்த சின்னப்பாலத்து இலக்குமி அம்மையாருக்கு 2015இல் ‘சீக்காலசி’ என்னும் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. பாசியைக் காப்பதற்கு யாரை நம்பலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பாசி வளர்ப்பின் கதையும் நமக்குப் பாடமாகும். கப்பாபைக்கசு நம் கடலுக்கு உரியதன்று. பிலிப்பைன்சு கடல்களில் தோன்றியது. 1984இல் ஆய்வுக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் அத்தொழில்நுட்ப உரிமையைப் பெற்று, இராமநாதபுரக் கரையில் மகளிர் குழுக்களைக் கொண்டு அதை வளர்க்கச் செய்தது. 2008இல் அத்தொழில் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. பெண்களுக்குக் கூலி வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் 2008இல் குருசடைத் தீவுப் பவளப் பாறைகளின்மேல் அப்பாசி படர்ந்து மூடியிருப்பதை அறிவியலாளர் கண்டனர். 2013இல் தொடங்கிக் கடல்நீர் வெம்மையாலும் நோயாலும் தெப்பம் தெப்பமாகப் பாசி அழிந்தது. இழப்பைச் சுமந்தவர் யார்? தெப்பம் கட்டக் கடன் வாங்கிய பெண்களே. ஒரே பாசி, ஒரே வாங்குநர் என்று ஒரு கரை முழுவதையும் கட்டிப்போடுவது எத்துணைத் தீங்கு என்பதை அவ்வாண்டுகள் காட்டின.

2023 செபுதம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் ஏறத்தாழ 127 கோடி உருபா செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பூங்கா வரட்டும். ஆனால் உலகில் ஆண்டுதோறும் விளையும் ஏறத்தாழ மூன்றரைக் கோடி தொன் ஈரப்பாசியில் பாதிக்கு மேல் சீனாவிலும், அடுத்த பெரும்பங்கு இந்தோனேசியாவிலும் விளைகின்றன. இந்தியாவின் பங்கு எண்ணத்தகாத அளவு சிறிது. இவ்விடைவெளியை நிரப்பப் பெருமுதலாளிகள் வருவர். வந்தபின் பாசியெடுத்த பெண் தன் கடலிலேயே நாட்கூலியாவாளா, அல்லது பிழியும் ஆலையில் பங்குடையவளாவாளா? இவ்வினாவைக் கட்டடம் எழும்புமுன் கேட்க வேண்டும். எழும்பியபின் கேட்பது புலம்பலாகும்.

காஞ்சி கேட்க வேண்டியவை

கடலில்லாக் காஞ்சிக்கும் கடற்கரைக்கும் இடையே உள்ள உறவு இப்போது விளங்கும். ஒன்று குப்பை அனுப்பும் ஊர். மற்றொன்று அக்குப்பையை வலையில் வாரும் ஊர். இரண்டு ஊர்களிலும் உழைப்பவன் கைத்தொழிலாளி. ஆகவே காஞ்சி மக்கள், குறிப்பாகப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள், பின்வருவனவற்றை உரத்துக் கேட்க வேண்டும்.

ஒன்று: சேலையில் உள்ள சரிகை வெள்ளியா, செம்பா, நெகிழியா என்பதை ஒவ்வொரு சேலையிலும் தமிழில் அச்சிட்டு ஒட்டச் சட்டம் வேண்டும். போலியை விற்பவன் விற்கட்டும். போலி என்று சொல்லி விற்கட்டும். காஞ்சியிலேயே அரசின் தமிழ்நாடு சரிகை நிறுவனம் இருக்கிறது. அதன் உண்மைச் சரிகை கட்டுப்படியாகும் விலையில் தறிக்கு வந்து சேர்தல் வேண்டும்.

இரண்டு: பாற்பை, கடைப்பை வகை நெகிழியை வீட்டிலேயே தனியே பிரித்து வாங்கும் ஏற்பாட்டை மாநகராட்சி தெருத்தோறும் செய்தல் வேண்டும். பிரிப்போர்க்கு நிலையான கூலியும் கையுறையும் காப்பும் வேண்டும். அந்நெகிழியைக் கொண்டு காஞ்சியின் உட்சாலைகளை மதுரை முறையில் இடுதல் வேண்டும். காஞ்சியின் குப்பை காஞ்சியின் சாலையில் அடங்கட்டும். பாலாற்றுக்குப் போக வேண்டா.

மூன்று: பட்டுக் கூட்டுறவுக் கழகங்கள் சேலையை நெகிழி உறையில் இடுவதை நிறுத்திப் பருத்திப் பையில் இடுதல் வேண்டும். பத்தாயிரக்கணக்கில் விலையுள்ள சேலைக்கு ஒரு துணிப்பை பெருஞ்செலவன்று. அந்தப் பையை நெய்வதும் ஒரு தறிக்கு வேலையாகும். பாசிப் படலம் வந்ததும் அதை முதலில் ஆய்ந்து பார்க்கும் ஊராகவும் காஞ்சி இருக்கட்டும்.

நான்கு: சாயப்பட்டறைக் கழிவுநீரிலுள்ள சாயத்தையும் மாழைக் கழிவையும் உலர்ந்த கட்டைக்கோரைப் பாசி ஈர்த்துப் பிடிக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதைக் காஞ்சிப் பட்டறைகளில் சிறிய அளவில் செய்து பார்க்க அரசும் கல்லூரிகளும் முன்வருதல் வேண்டும்.

ஐந்து: பாசி வளர்ப்பில் நம் கடலுக்கு உரிய பாசிகளுக்கே முதலிடம் தருதல் வேண்டும். பிழியும் ஆலைகளும் படல ஆலைகளும் பாசியெடுக்கும் மகளிரின் கூட்டுறவுக்கே உரிமையாதல் வேண்டும். ஆய்வு முடிவுகள் அனைத்தும் தமிழில் வெளிவருதல் வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி என்று பெயரிட்டவளுக்குத் தன் பாசியைப் பற்றிய ஆய்வேட்டைப் படிக்கும் உரிமை இல்லையென்றால் அந்த ஆய்வு யாருக்காக?

மலிவு என்னும் மயக்கம்

‘இவையெல்லாம் நல்ல பேச்சு, ஆனால் ஏழைக்கு நெகிழிதானே மலிவு’ என்பார் இருக்கின்றனர். மலிவு என்பது யார் கணக்கு? பையின் விலையில் கால்வாயைத் தூர்வாரும் செலவு சேர்ந்திருக்கிறதா? அடைப்பால் வீட்டுக்குள் புகுந்த கழிவுநீரில் பிள்ளைக்கு வந்த காய்ச்சலின் மருந்துச் செலவு சேர்ந்திருக்கிறதா? குப்பையைத் தின்று செத்த மாட்டின் விலை சேர்ந்திருக்கிறதா? ஆக்கியவன் ஊதியத்தை எடுத்துக்கொண்டு, இழப்பை ஏழையின் தலையில் ஏற்றிவிட்டு, மீதியை மலிவு என்று அழைக்கிறான். அந்தக் கணக்கை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

சேலை கிழிந்த பின்னும் அதிலிருந்து வெள்ளியை மீட்ட அறிவு நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. கடலை மூச்சடக்கிக் காத்த அறிவு நம் கரைகளில் இன்னும் இருக்கிறது. நெகிழிக் குப்பையைக் கல்லோடு பிணைத்த அறிவு நம் கல்லூரியில் பிறந்தது. இம்மூன்றையும் ஒரே பையில் இட வேண்டிய பொறுப்பு நம்முடையது. அந்தப் பை நெகிழிப் பையாக இல்லாதிருக்கட்டும்.

காஞ்சியின் கூட்டுறவுக் கழகங்கள் அடுத்து ஒன்றுகூடும் நாளில் இந்த ஐந்து கோரிக்கைகளும் தீர்மானமாக எழுதப்படுக! எழுதப்பட்டவை மாநகராட்சியின் வாயிலுக்குச் சென்று சேர்க! சென்று சேர்ந்தவை செய்து முடிக்கப்படும்வரை நம் குரல் ஓயாதொழிக!